ஆடுகிற பல்லை எடுத்தே ஆகவேண்டுமா?

உங்களுக்கு 46 வயது. கீழ் முன்பற்களில் இரண்டு, ஆறு மாதமாக ஆடுகின்றன. வலி கிடையாது. பல் தேய்த்துத் துப்பும்போது அவ்வப்போது ரத்தம் தெரிகிறது. நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. "ஆடுற பல்லை வச்சிருந்தா பக்கத்துப் பல்லும் போயிடும், எடுத்துடுங்க" என்கிறார் நண்பர் ஒருவர். "கிளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடிப்போகும்" என்கிறார் உங்கள் மாமியார். யார் சொல்வது சரி, பல்லைக் காப்பாற்ற முடியுமா? நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான்.

இருபது வருடத்துக்கு மேலாக ஈறு நோய்க்கு மட்டுமே வைத்தியம் பார்த்து வருகிறேன். உங்கள் வாயைப் பார்க்காமல் இங்கிருந்தே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடிக்காமல் அந்தப் பல்லை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். ஆட்டம் என்பது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. காரணம் வேறு இடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பல்லை மட்டும் எடுத்தால், அடுத்த வருடம் பக்கத்துப் பல்லுக்காக மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் நண்பர் பயந்தது அப்படித்தான் உண்மையாகும்.

பல் எலும்பில் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். சுவரில் அடித்த ஆணி மாதிரி அது எலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அது முழுக்க நுண்ணிய நார்கள். ஒரு முனை வேரில், மறுமுனை எலும்பில் பதிந்திருக்கும். கயிற்றுக் கட்டிலில் சட்டத்துக்குச் சட்டம் கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. முறுக்கைக் கடிக்கும்போது விழுகிற அடியை அந்த நார்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே நல்ல பல்லும் இம்மியளவு அசையத்தான் செய்யும், நமக்குத் தெரியாது. தெரிகிற அளவுக்கு ஆடினால் ஒன்று நார்கள் வீங்கித் தளர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றியிருந்த எலும்பு கரைந்து இறங்கியிருக்க வேண்டும். நார்த் தளர்ச்சி திரும்பச் சரியாகிவிடும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது, ஆனால் மேற்கொண்டு கரையாமல் நிறுத்தலாம். பலருக்கு இரண்டும் கலந்தே இருப்பதால்தான் ஆட்டம் எவ்வளவு குறையும் என்று முதல் நாளே எங்களால் சொல்ல முடிவதில்லை.

ஆட்டத்தை அளக்க ஒரு முறை இருக்கிறது. விரலால் ஆட்டிப் பார்த்தால் விரல் நுனியின் சதையே அமுங்கி ஏமாற்றிவிடும். அதனால் இரண்டு கருவிகளின் கைப்பிடியைப் பல்லுக்கு முன்னும் பின்னும் வைத்து மெதுவாகத் தள்ளிப் பார்ப்போம். 1 மில்லிமீட்டர் வரை அசைந்தால் முதல் நிலை, அதைத் தாண்டினால் இரண்டாம் நிலை. பக்கவாட்டில் அசைவதோடு, அழுத்தினால் குழிக்குள் இறங்கி ஏறினால் மூன்றாம் நிலை. முதல் இரண்டு நிலையில் இருக்கிற பற்களில் பலவற்றைக் காப்பாற்றலாம். மூன்றாம் நிலைதான் கஷ்டம். நீங்களாக வீட்டில் நாக்கால் தள்ளித் தள்ளிச் சோதிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தளர்ந்த நாருக்கு அது நாள் முழுக்க விழுகிற அடி.

சரி, காரணங்களுக்கு வருவோம். பெரியவர்களுக்குப் பல் ஆடுவதற்கு மிகப் பெரிய காரணம் ஈறு நோய். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் வெள்ளையாக, வழவழப்பாகப் படியும் அழுக்கு முழுக்கக் கிருமிகள். அதைத் துலக்கி எடுக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டியாகி, காரை ஆகிவிடும். அப்புறம் பிரஷ்ஷால் அதை அசைக்க முடியாது. காரையின் சொரசொரப்பில் மேலும் கிருமி தங்கும், ஈறு வீங்கும், ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் கவனித்தால் முழுதாகச் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து, நடுவே ஒரு பை உண்டாகும். நல்ல ஈறில் அந்த இடுக்கின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். நோய் வந்த ஈறில் 5, 7, சில நேரம் 10 என்று போகும். அந்த ஆழத்துக்குப் பிரஷ்ஷும் போகாது, வாய் கொப்பளிக்கிற மருந்தும் போகாது.

எலும்பைக் கரைப்பதில் கிருமியைவிட நம் உடம்புக்கே பங்கு அதிகம். கிருமியை விரட்ட உடம்பு அனுப்புகிற படை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அங்கேயே முகாம் போட்டுச் சண்டை போடும்போது, தீக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் விலகிப் போகிறவர் மாதிரி எலும்பு பின்வாங்கிக்கொண்டே போகிறது. இதில் வலி இருக்காது. சொத்தைப் பல் இரவில் தூங்கவிடாமல் அழவைத்து ஆளைக் கிளினிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஈறு நோய் அப்படிச் செய்வதில்லை. வலி இல்லையே என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தந்தது.

அழுக்குதான் காரணம் என்று உலகம் ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று. ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிட்டது. அந்த ஆய்வு வெளியானது 1965இல்.

அதே லோ 1970இல் இலங்கைக்கு வந்து, மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் பற்களை அளந்தார். அவர்களுக்குப் பல் வைத்தியம் எட்டியதே இல்லை, பிரஷ் பழக்கமும் இல்லை. அதன் பின் 15 ஆண்டுகள், திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களை அளந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி அழுக்கு, காரை, ஈறு வீக்கம். ஆனால் 100க்கு 8 பேருக்கு நோய் வெகு வேகமாகப் போயிருந்தது. 35 வயதிலேயே வேரைப் பிடித்திருந்த பிடிப்பில் சராசரியாக 9 மில்லிமீட்டர் போய்விட்டது. கீழ் முன்பல்லின் வேரே 12, 13 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். 81 பேருக்கு நிதானமான வேகம். மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவுமே நடக்கவில்லை. ஈறு நோயைப் பற்றி இன்று நாங்கள் பேசுகிற பல விஷயங்களுக்கு அந்தத் தொழிலாளர்களின் வாய்தான் ஆதாரம். அவர்களுக்கு வைத்தியம் எட்டாமல் இருந்ததால்தான் அந்த ஆய்வு நடக்க முடிந்தது என்பது, வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

"எங்க தாத்தா செங்கல் பொடியில்தான் பல் தேச்சார், எண்பது வயசுலயும் கரும்பு கடிச்சார்" என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். உங்கள் தாத்தா அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்களும் அந்தப் 11இல் இருக்கிறீர்களா என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஈறு நோயால் பல் ஆட ஆரம்பித்தவர் அதில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

வேகத்தைக் கூட்டுகிறவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று உங்களிடம் இருக்கிறது: சர்க்கரை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையில் ஈறு எளிதில் வீங்கும், சீழ் கோக்கும், ஆறுவதற்கு நாளாகும். பலருக்குத் தெரியாத மறுபாதி, ஈறில் இருக்கிற அழற்சி சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது என்பது. ஈறு நோயை ஒழுங்காகக் குணப்படுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, சுமார் 0.4 சதவீதப் புள்ளி வரை இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரையும் நடையும் செய்கிற வேலையோடு சேர்ந்தால் அது சின்ன உதவி இல்லை.

இன்னொன்று புகையிலை. சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைந்து, ரத்தம் கசிவதே தெரியாமல் போகும். வெளியே ஈறு கெட்டியாக, நன்றாகத் தெரியும். உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். மெல்லுகிறவர்களுக்குப் புகையிலையை அதக்கி வைக்கிற இடத்திலேயே ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்.

இனி ஈறு நோய் அல்லாத காரணங்கள். இவற்றை முதலிலேயே பிரித்தெடுக்காவிட்டால் வைத்தியம் வழிதவறிவிடும். போன வருடம் ஓர் இளைஞர் வந்தார், 31 வயது. ஈறு சுத்தம், காரை இல்லை, ஆனால் மேலே ஒரே ஒரு கடைவாய்ப் பல் ஆடுகிறது. விசாரித்ததில் இரண்டு மாதத்துக்கு முன் அதற்கு நேர் கீழ்ப் பல்லுக்குக் கேப் போட்டிருந்தார். கலர்த்தாளைக் கடிக்கச் சொன்னேன். கேப்பின் மேல் ஒரு புள்ளியில் மட்டும் நீலம் அடர்த்தியாக விழுந்தது. வாயை மூடும்போதெல்லாம் முழுக் கடியும் அந்த ஒரு பல்லின் மேல்தான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தை மயிரிழை அளவு தேய்த்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோது ஆட்டம் முக்கால்வாசி போயிருந்தது. எலும்பு அங்கே போகவில்லை, நார்கள்தான் தளர்ந்திருந்தன. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு இரவில் போட்டுக்கொள்ள நைட் கார்டு என்ற உறை செய்து தருவோம். கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்களுக்கும் மெல்லுகிற பாரம் முழுதும் முன்பல்லுக்கு வந்து, அவை விசிறி மாதிரி விரிந்து ஆட ஆரம்பிக்கும்.

வேர் நுனியில் சீழ் கட்டினால் பல் மேலே தள்ளப்பட்டு ஆடும், தொட்டால் வலிக்கும். ரூட் கனால் செய்து சீழ் வடிந்ததும் இறுகிவிடும். பழைய ரூட் கனால் பல்லில் வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டால் எடுப்பதைத் தவிர வழியில்லை. கர்ப்பக் காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் ஆட்டம் தெரிவது உண்டு, பிரசவத்துக்குப் பின் அடங்கும். முப்பது வயதைக் கடந்தவர் "ஒரு பல் மட்டும் சின்னதா இருக்கு, இப்ப ஆடுது" என்று வந்தால் எக்ஸ்ரேயில் பார்ப்போம். விழாமல் நின்றுவிட்ட பால்பல்லாக அது இருப்பதும் உண்டு. அடிபட்டு ஆடுகிற பல்லுக்கு அன்றைக்கே போக வேண்டும். மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு முதல் நான்கு வாரம் கட்டி வைத்தால் பல நேரம் நின்றுவிடும். முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் நல்லது.

ஒரு காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு முன் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியதால் வேறொரு இடத்தில் எடுத்திருக்கிறார்கள். ஐந்து வாரமாகியும் குழி மூடவில்லை. நான் பார்த்தபோது அந்தக் குழியிலிருந்து காலிஃபிளவர் பூ மாதிரி சதை எழும்பியிருந்தது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் முப்பது வருடமாக. சதையைக் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம், புற்றுநோய். பல் ஆடியது ஈறு நோயால் இல்லை. அடியில் வளர்ந்த கட்டி எலும்பை அரித்ததால். எடுப்பதற்கு முன் ஓர் எக்ஸ்ரே எடுத்திருந்தால், கன்னத்தை விலக்கி ஈறை நன்றாகப் பார்த்திருந்தால், அந்த ஐந்து வாரம் வீணாகியிருக்காது. ஆகவே காரையும் இல்லாமல், மற்ற பற்கள் உறுதியாக இருக்க, ஒரே ஒரு பல் மட்டும் காரணமின்றி ஆடினால், கீழுதடு மரத்துப்போனால், வாயில் புண் மூன்று வாரமாக ஆறாவிட்டால், வாய் திறப்பது குறைந்தால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கதையில் இவை எதுவும் இல்லை. இருந்தாலும் இதைப் படிக்கிற இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.

உங்களுடையது, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஈறு நோய் போலத்தான் தெரிகிறது. கீழ் முன்பற்களுக்கு இது முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. நாக்கின் அடியில், அந்தப் பற்களுக்கு நேர் பின்னால்தான் எச்சில் சுரப்பிகளின் வாய் திறக்கிறது. எச்சில் ஊறும் இடத்தில் காரையும் சீக்கிரம் படியும். கண்ணாடியில் பார்த்தால் பற்களின் முன்பக்கம் வெள்ளையாக இருக்கும். பின்பக்கம் பல்லுக்குப் பல் இடைவெளியே தெரியாமல் மஞ்சளாக ஒரு சுவர் எழும்பியிருக்கும். வேரும் அங்கே ஒற்றை வேர், மெல்லியது, குட்டை.

உங்கள் மாமியார் சொன்னதற்கும் இந்தச் சுவர்தான் காரணம். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை, யாருக்கோ நடந்ததைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். எலும்பு பாதி போன நாலு பற்களைக் காரை சிமென்ட் பூசிய மாதிரி ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். கிளீனிங் செய்யும்போது அது துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இப்படிச் செய்து முடித்ததும் நாக்கைப் பின்னால் விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "டாக்டர், பல்லையே கொஞ்சம் எடுத்துட்டீங்களா, ஓட்டை ஓட்டையா இருக்கே" என்று பதறினார். டிரேயில் கிடந்த காரைத் துண்டுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அரிசிக் குருணை அளவில் ஏழெட்டு. பல் மேலே வழவழப்பாக இருக்கும், இவை கல் மாதிரி சொரசொரவென்று இருந்தன. தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினார். காரை போனதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, புதிதாக வந்ததில்லை. சில நாள் கூச்சமும் இருக்கும். வீக்கம் வடிந்து நார்கள் இறுகியதும் ஆட்டம் பெரும்பாலும் முன்பைவிடக் குறைந்துதான் போகும். அந்த ஆசிரியை அதற்கப்புறம் ஆறு வருடமாக அதே பற்களோடு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார்.

வைத்தியம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் அளவு. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்குள் விட்டு ஆழம் பார்த்து எழுதுவார்கள். முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். சர்க்கரை அளவு கேட்பார்கள். இதில் எதுவுமே செய்யாமல், வாயைத் திறந்து பார்த்ததும் "எடுத்துடலாம்" என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரிடம் போங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. மேலே தெரிகிற காரையை எடுப்பது முதல் கட்டம். பைகள் ஆழமாக இருந்தால் மரக்க ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருக்கிற காரையையும் சுரண்டி எடுத்து வேரை வழவழப்பாக்குவார்கள். இரண்டு முதல் நான்கு முறை வர வேண்டியிருக்கும். மற்ற எல்லா வைத்தியத்துக்கும் இதுதான் அஸ்திவாரம், இதைத் தாண்டிக் குறுக்கு வழி கிடையாது. ஆறிய பின் ஈறு சுருங்கிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பல் நீளமாகிவிட்ட மாதிரி தெரியும், இடையில் கறுப்பு முக்கோணமாகச் சந்து தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் வைத்தியத்தின் மேல் கோபித்துக்கொண்டு போகிறார்கள். வீங்கிய ஈறு மறைத்து வைத்திருந்ததைத்தான் இப்போது பார்க்கிறீர்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். பை ஆழம் குறைந்து, ரத்தம் நின்றிருந்தால் அறுவைச் சிகிச்சையே வேண்டாம். 6 மில்லிமீட்டருக்கு மேல் இன்னும் நின்று ரத்தமும் வந்தால் ஈறைத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தைப்போம். ஃபிளாப் சர்ஜரி என்பார்கள். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மரக்க ஊசியிலேயே முடிகிற வேலைதான். அப்போது எலும்பு எந்த வடிவத்தில் கரைந்திருக்கிறது என்று தெரியும். பல்லுக்குப் பக்கத்தில் கிணறு மாதிரி குழி விழுந்திருந்தால் செயற்கை எலும்புத் தூளை நிரப்பி ஓரளவு எலும்பை மீட்கலாம். வரப்பே சரிந்து தட்டையாகிவிட்ட மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் நிரப்பினாலும் நிற்காது. "எலும்பு வச்சு பல்லை இறுக்கிடலாம்" என்று பார்க்காமலே யாராவது உறுதி சொன்னால் எந்த வடிவக் குழி என்று கேளுங்கள்.

இதெல்லாம் முடிந்தும் கடிக்க இடைஞ்சலாக ஆடினால் பற்களைச் சேர்த்துக் கட்டுவோம். ஸ்பிளின்ட் என்று பெயர். நாக்குப் பக்கமாக மெல்லிய நார் நாடாவை வைத்து, பல் நிறப் பசையால் ஒட்டிவிடுவோம்; வெளியே தெரியாது. இந்த யோசனை மிகப் பழையது. லெபனானில் இருக்கிற சீதோன் நகரத்துக் கல்லறையில் கிடைத்த, ஏறக்குறைய 2,500 வருடத்துக்கு முந்தைய கீழ்த்தாடை ஒன்றில் முன்பற்கள் தங்கக் கம்பியால் பின்னிக் கட்டப்பட்டிருக்கின்றன. அவருக்கும் ஈறு நோயால் எலும்பு இறங்கியிருந்தது, உங்களுக்கு ஆடுகிற அதே பற்கள். ஆனால் கட்டு என்பது ஊன்றுகோல்தான். காரையை எடுக்காமல் கட்டினால் கட்டுக்கு அடியில் எலும்பு போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் நாலும் சேர்ந்து வந்துவிடும்.

மாத்திரையால் ஆகாதா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆகாது. கிருமிகள் வேரில் படலமாக ஒட்டிக்கொண்டிருப்பதால் ஆன்டிபயாட்டிக் அதற்குள் ஊடுருவுவது சிரமம். வேகமாகப் பரவுகிற சிலருக்கு ஆழச் சுத்தத்தோடு சேர்த்துக் கொடுப்போம், அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிச் சாப்பிட்டால் வீக்கம் நாலு நாள் வடிந்து மறுபடி வரும். படிகாரத் தண்ணீர் ஈறைச் சுருக்கும், இறுகின மாதிரி இருக்கும். எலும்புக்கு ஒன்றும் ஆகாது. கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்யும், உங்களுக்கு வலியே இல்லை. ஈறில் தேய்த்தால் வெந்துவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், தாராளமாகக் கொப்பளிக்கலாம். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் எனக்கு மரியாதை உண்டு. மென்று நாராக்கிய குச்சி அழுக்கை எடுக்கும். ஆனால் அது பல்லின் பின்புறத்துக்கும் இடுக்குக்கும் போய்ச் சேராது. செங்கல் பொடி, கரி, சாம்பல் மூன்றும் பல்லை அறுத்துவிடும். புகையிலை கலந்த பல்பொடியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

எப்போது எடுக்கலாம்? பல் மேலும் கீழும் அமுங்குகிறது, வேரைச் சுற்றி எலும்பு வெகு சொற்பம், சுத்தம் செய்த பிறகும் திரும்பத் திரும்பச் சீழ் வருகிறது, சாப்பிடவே இடைஞ்சல் என்றால் எடுப்பதுதான் நல்லது. அந்த நிலையில் பிடிவாதமாக வைத்திருந்தால் பக்கத்துப் பல்லின் எலும்பும் போகும் என்பது உண்மை. நோய் அடங்கிய பல் கொஞ்சம் ஆடிக்கொண்டே பல வருடம் உழைக்கும், அது யாரையும் கெடுக்காது என்பதும் அதே அளவு உண்மை. உங்கள் நண்பர் சொன்னதில் இந்த இரண்டாம் பாதி விட்டுப்போயிற்று.

ஒரு வேளை எடுக்கவே நேர்ந்தாலும், கீழ் முன்பல்லுக்கு நான் விரும்பிச் செய்கிற ஒரு வேலை உண்டு. எடுத்த பல்லின் வேரை வெட்டிவிட்டு, மேல்பகுதியை மட்டும் சுத்தம் செய்து, அதே இடத்தில் பக்கத்துப் பற்களோடு நார் நாடா வைத்து ஒட்டிவிடுவேன். அன்றைக்கே சொந்தப் பல்லோடு வீட்டுக்குப் போகலாம். இது எப்போதைக்குமான ஏற்பாடு இல்லை, ஆனாலும் யோசித்து முடிவெடுக்க அவகாசம் தரும். எலும்பில் பொருத்துகிற செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் போடுவதாக இருந்தால் மற்ற பற்களின் ஈறு நோய் முழுதாக அடங்கி, சர்க்கரையும் கட்டுக்குள் வந்த பிறகு போடுங்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் இதே மாதிரி எலும்பு கரையும்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் பல் எடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: ஆடுகிறதே என்று பயந்து அந்தப் பல்லைத் துலக்காமல் விடாதீர்கள். அநேகமாக இப்போது அப்படித்தான் விட்டிருப்பீர்கள், எல்லாரும் செய்வது அது. மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன அசைவாக, முக்கியமாகப் பின்பக்கம். இடுக்குகளுக்குப் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டி வடிவத்தில் ஒன்று விற்கிறது. இன்டர்டென்டல் பிரஷ் என்று கேளுங்கள். இரவில் படுக்கும் முன் அதை விட்டு எடுங்கள். முதல் வாரம் ரத்தம் வரும், நிறுத்தாதீர்கள். துலக்கத் துலக்கத்தான் அது நிற்கும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும் மட்டும். தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

ஈறு நோய்க்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறோம், பெரியோடான்டிஸ்ட் என்று கேட்டுப் போங்கள். செலவு கவலையாக இருந்தால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு சிகிச்சைக்குத் தனித் துறையே உண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை மூன்று இடத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் கையில் வைத்திருங்கள். வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிபன் சாப்பிட்டுவிட்டே போங்கள். பல் வைத்தியத்துக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று நினைத்து வந்து, சர்க்கரை இறங்கி, வரிசையிலேயே மயங்கி உட்கார்ந்தவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.